இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். நீ தைப்பூசத்துக்கு வருகிறாய் என்றதும் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் பால்குடத்துக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

ஆனால் நீ சொன்ன பயணத் திட்டம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. "லண்டனிலிருந்து 13 மணி நேரம்தானே, முதல் நாள் வந்து இறங்கிவிடுவேன்" என்கிறாய். அந்த 13 மணி நேரம் ஹீத்ரோவிலிருந்து கோலாலம்பூர் ஏர்போர்ட்டான கேஎல்ஐஏ வரைக்கும் மட்டும்தான். மூன்று மணி நேரம் முன்னால் ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும், கேஎல்லில் காத்திருக்க வேண்டும், அப்புறம் பினாங்குக்கு ஒரு மணி நேரம். நீ அங்கே கதவைப் பூட்டியதிலிருந்து ஜெலுத்தோங் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரை கணக்குப் போட்டுப் பார், கிட்டத்தட்ட ஒரு முழு நாள்.

உன் பழைய குளோபை எடுத்து நூல் பிடித்துப் பார்த்தேன். சுவர் மேப்பில் ஸ்கேல் வைத்தால் கோடு சென்னைப் பக்கம் போய் அரபிக் கடலைத் தாண்டுகிறது. உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தாலோ வட இந்தியா, ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடல் என்று வடக்கே ஏறிப் போகிறது. அதுதான் குறுக்கு வழி, சுமார் 10,600 கிலோமீட்டர். சில நாடுகளின் வானத்தை ஒதுக்கிச் சுற்றினால் தூரம் இன்னும் கூடும். மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று வரும்போது விமானத்தைத் தள்ளிவிடும், போகும்போது எதிர்த்து நிற்கும். அதனால் திரும்பிப் போக ஏறக்குறைய 14 மணி நேரம் வைத்துக்கொள்.

எனக்குக் கவலை உன் உடம்பைப் பற்றித்தான். அங்கே காலை 10 மணிக்கு ஏறினால் கேஎல்லில் மறுநாள் காலை 7 மணி. உன் உடம்புக்கு அது இரவு 11. மேற்கே போனால் தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் போதும். கிழக்கே வந்தால் சீக்கிரமே தூங்க வேண்டும், உடம்பு லேசில் கேட்காது. எட்டு மணி நேர வித்தியாசம் ஒரு ராத்திரியில் சரியாகாது. அப்படியே விரதமும் இருந்துகொண்டு, தலையில் குடத்தோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500க்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். வெயிலையும் நினைத்துப் பார். தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடும், அதையும் நீ பார்க்க வேண்டாமா?

இன்னொன்று. கேஎல் வரைக்கும் ஒரு டிக்கெட், பினாங்குக்குத் தனியாக மலிவு டிக்கெட் என்று எடுக்காதே. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு டெர்மினல் 1லிருந்து 2க்கு ரயிலில் ஓடி, மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும். பினாங்கு வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடு. கூடுதல் பணத்தை நான் போட்டுவிடுகிறேன்.

லீவு இரண்டு நாள் சேர்த்துக் கேட்டுப் பார். கிடைத்ததும் விமான நம்பரை வாட்ஸ்அப்பில் போடு. பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டுக்கு நானே காரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா