கேபிள் பழுதில்லை, எண்தான் ஒன்று தள்ளியிருக்கிறது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் வாங்கிய யூஎஸ்பி சீரியல் கேபிள் (9 பின் சீரியல் கருவிகளைக் கணினியோடு இணைப்பது) "சிக்வினில் வேலையே செய்யாது" என்று ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டுப் பேச்சு பரவிவிட்டது. சிக்வின் என்பது விண்டோஸில் லினக்ஸ் பாணி நிரல்களை ஓட்ட உதவும் மென்பொருள். அதே கேபிள் சாதாரண விண்டோஸ் நிரல்களில் ஒழுங்காக ஓடுவதையும் கூடவே சொல்லியிருக்கலாம்.

விண்டோஸ் சீரியல் போர்ட்டுகளை 1-இலிருந்து எண்ணுகிறது, சிக்வின் 0-இலிருந்து. விண்டோஸ் காம் 1 (COM1) என்று அழைக்கும் போர்ட்டின் பெயர் சிக்வினில் டிடிஒய்எஸ்0 (/dev/ttyS0). விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (சாதனப் பட்டியலில்) காம் 5 என்றிருந்தால் நிரலில் திறக்க வேண்டியது டிடிஒய்எஸ்4. டிடிஒய்எஸ்5 என்று கொடுத்தால் அது காம் 6-ஐத் தேடிப் போகும். காம் 6 இல்லாவிட்டால் 'நோ சச் ஃபைல்' என்று பிழை வரும். அந்த மட்டில் நல்லது. ப்ளூடூத் அந்த எண்ணை எடுத்துக்கொண்டிருந்தால்தான் வம்பு. போர்ட் சத்தமில்லாமல் திறக்கும், ஒரு பைட்கூட வராது, கேபிள் செத்துவிட்டதென்றே தோன்றும். பெட்டியில் வைத்த தாளில் இதை ஒற்றை வரியில் முடித்தது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கேபிளின் தவறு அல்லவே! போதாததற்கு, விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் இன்னொரு வசதியான டபிள்யூஎஸ்எல்லின் (WSL) முதல் பதிப்பில், எண்ணில் ஒன்றைக் கழிக்கும் இந்தக் கணக்கு கிடையாது: காம் 5 என்றால் டிடிஒய்எஸ்5-தான். கேபிளை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் காம் எண்ணே மாறிவிடக்கூடும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

'பர்மிஷன் டினைடு' வந்தால் சிஎச்மாட் (chmod, கோப்பு அனுமதியை மாற்றும் கட்டளை) போட்டுப் பயனில்லை. விண்டோஸில் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். பின்னால் மறந்துபோன டெர்மினல் சாளரத்தை மூடுங்கள்.

திறக்கிறது, ஆனால் எழுதும்போது நிரல் அப்படியே நின்றுவிடுகிறதா? ஆர்டிஎஸ் சிடிஎஸ் (RTS/CTS) கட்டுப்பாட்டை, அதாவது மறுமுனை தனிக் கம்பியில் அனுமதி தந்த பிறகே தரவு அனுப்பும் முறையை, அணைத்துப் பாருங்கள். 2, 3, 5 ஆகிய மூன்று பின்களுக்கு மட்டும் கம்பி போட்ட இணைப்பில் 8-ஆம் பின்னுக்கு அனுமதி வரவே வராது. நிரல் காத்துக்கொண்டே இருக்கும். பைனரி தரவில் 17, 19 என்ற பைட்டுகள் மட்டும் காணாமல் போனால் எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப் (XON/XOFF) இயங்குகிறது, அதாவது அந்த இரு பைட்டுகளும் 'தொடர்', 'நிறுத்து' என்ற சைகைகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன என்று பொருள். போர்ட்டின் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் (stty) கட்டளையில் வேகத்தோடு 'ரா' (raw), 'மைனஸ் எக்கோ' (-echo) இரண்டையும் சேர்த்துவிட்டால் அது தீரும். நிரலில் விமின் (VMIN, குறைந்தபட்ச பைட் எண்ணிக்கை) 0, விடைம் (VTIME, பத்திலொரு நொடிக் கணக்கில் காத்திருக்கும் நேரம்) 5 என்று வைத்தால், தரவு வராவிட்டாலும் நிரல் அரை நொடிக்கு மேல் காத்து நிற்காது.

கேபிள் மீதே சந்தேகமென்றால், கருவியைக் கழற்றிவிட்டு 9 பின் முனையில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். டெர்மினல் நிரலில் லோக்கல் எக்கோவை (தட்டும் எழுத்தை நிரலே திரையில் காட்டும் வசதியை) அணைத்துவிட்டுத் தட்டினால் எழுத்து திரும்பி வர வேண்டும். கம்பியை எடுத்ததும் நிற்க வேண்டும். நின்றால் கேபிள் நலம். எழுத்து வரவே இல்லையென்றால் அனுப்புங்கள், மறுபேச்சின்றி மாற்றித் தருகிறோம்.

பேச்சு பரவியபோதும் எங்களிடமே கேட்டுத் தெளிந்துகொண்ட பழைய வாடிக்கையாளர்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் பொறுமைதான் இந்த மடலையே எழுத வைத்தது.

தொலைபேசியில் பதில் சொல்லிவந்தவர் வேலையிலிருந்து விலகியதால், அடுத்த மாதம் முதல் மின்னஞ்சல் உதவி மட்டுமே. எழுதும்போது காம் எண், நிரலில் கொடுத்த போர்ட் பெயர், வேகம், பிழைச் செய்தி நான்கையும் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
கடை நிர்வாகம்