செயலாளரின் ஆண்டறிக்கை: நிக்கல் வகைப்பாடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவுசெலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் கேட்டுவந்த நிக்கல் வகைப்பாடு குறித்தே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

சுங்கத்துக்காகச் சரக்குகளுக்கு எண் தரும் பன்னாட்டுப் பட்டியலில் (HS) நிக்கல் என்றதும் நிக்கலுக்குரிய 75ஆம் அத்தியாயத்தை மட்டும் புரட்டுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். தாது 2604இல் இருக்கிறது. நிக்கல் சல்பேட் 2833.24இல், வேதிப்பொருள்களோடு. கலவையில் எடையால் மிகுந்த உலோகம் எதுவோ அதன் அத்தியாயமே கலவைக்கும் என்பதால், செம்பு மிகுந்த செம்பு-நிக்கல் 74க்குப் போய்விடும். இரும்பும் நிக்கலும் சேர்ந்த ஃபெரோநிக்கலை இந்த விதி கட்டுப்படுத்தாது, அதற்கு 7202.60 என்று தனி இடம் உண்டு.

அதிகம் குழப்புவது 7502தான், அதாவது இன்னும் கம்பி, தகடு என வடிவமைக்கப்படாத நிக்கல். கலப்பற்ற நிக்கல் (7502.10) என்றால் நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்து குறைந்தது 99 விழுக்காடு இருக்க வேண்டும். அதோடு முடியவில்லை. கோபால்ட் 1.5, இரும்பு 0.5, ஆக்ஸிஜன் 0.4, பிற தனிமங்கள் ஒவ்வொன்றும் 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூட்டுத்தொகை 99.2 இருந்தாலும் கோபால்ட் மட்டும் 1.6 என்றால் அந்தச் சரக்கு உலோகக்கலவை. அதன் இடம் 7502.20. உறுப்பினர் ஒருவரின் கேத்தோடு (மின்பகுப்பில் படியவைத்து எடுத்த நிக்கல்) சரக்கு இந்தக் கோபால்ட் வரம்பால்தான் மறு ஆய்வுக்காகத் தேங்கி நின்றது. ஆய்வுச் சான்றில் நிக்கலையும் கோபால்ட்டையும் ஒரே எண்ணாகக் கொடுத்திருந்ததால், கோபால்ட் மட்டும் எவ்வளவு என்று தெரியவில்லை. நல்ல சரக்கு ஒரு தாளின் குறையால் முடங்கியது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

வடிவத்தையும் கவனியுங்கள். 1 மில்லிமீட்டர் சல்லடையில் எடையில் 90 விழுக்காடாவது இறங்கினால்தான் தூள் (7504). செவ்வக வெட்டுமுகம் கொண்டதில் தடிமன் அகலத்தின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கம்பி வகை (7505). தாண்டாவிட்டால் தகடு (7506). மின்முலாம் பூசும் ஆனோடு (நேர்மின்வாய்) 7508.90. பழைய குழாய் என்பதாலேயே அது 7503இல் கழிவாகிவிடாது. குழாயாகவே பயன்படுமானால் 7507தான்.

இந்த எண்களில் முதல் 6 இலக்கங்களே இப்பட்டியலைப் பின்பற்றும் நாடுகளுக்கெல்லாம் பொது. அதற்கு மேற்பட்டவற்றை அந்தந்த நாட்டுச் சுங்கப் பட்டியலில் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு தனிமத்தின் அளவையும் தனித்தனியே காட்டும் ஆய்வுச் சான்று வேண்டும் என்பதைக் கொள்முதல் ஆணையிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும் எனச் செயற்குழு தீர்மானித்துள்ளது. அத்தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்