மண்வாசனைப் பாராட்டு போதாது அம்மிணி

அன்புள்ள அம்மிணி,

உன் சிறுகதைத் தொகுப்புக்கு வந்ததென்று நீ அனுப்பிய மதிப்புரையைப் படித்துவிட்டேன். உங்கம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். குறும்பட்டியலில் பெயர் வந்து, கடைசியில் பரிசு வேறொருவருக்குப் போனதில் அவளுக்கு உன்னைவிடக் கோபம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்தப் பாராட்டுத்தான் உறுத்துகிறது.

ஒன்றரைப் பக்கத்தில் மூன்று இடத்தில் 'கொங்கு மண்ணின் வாசனை' வீசுகிறது. உன் கதையில் வரும் தறிக்காரர் பொண்டாட்டி ஏன் கடைசிவரை அந்தக் கடனைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதற்கு ஒரு வரி இல்லை. நீ அதற்காகத்தானே அந்தக் கதையையே எழுதினாய்? நம் பக்கத்து ஆள் எழுதினால் பேச்சு வழக்கைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது நேற்று வந்த பழக்கமல்ல.

தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் 'நாகம்மாள்' எழுதினார். கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தவர் என்றுதான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். சரி, உண்மைதான். ஆனால் புருசனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்டு நிற்கிறாள், அதுவும் அந்தக் காலத்தில்! என்னை இன்றைக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தை எடுக்க வைப்பது அதுதான். விமர்சகர் க.நா.சு. அதை மெச்சினார். சாகித்திய அகாதெமி விருது மட்டும் 1977-ல் சண்முகசுந்தரம் சாகும்வரை வரவே இல்லை. வங்க நாவல்களை வேறு மாய்ந்து மாய்ந்து மொழிபெயர்த்தார் மனுசன்.

அவரைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கிய பெருமாள்முருகனுக்கு 2023-ல் நடந்ததைப் பார். 'பூக்குழி' ஆங்கிலத்தில் போய்ச் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் ஏறியது. தமிழிலிருந்து அதுதான் முதல். அதே வருசம் 'ஆளண்டாப் பட்சி'யின் மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி இலக்கியப் பரிசு. இரண்டுமே தமிழில் வந்து பத்து வருசம் ஆன நாவல்கள். நடுவில் 2015-ல், இனி எழுதுவதில்லை என்று அவரே அறிவித்துவிட்டு ஒதுங்கியிருந்தது வேறு.

அந்த டிசம்பரில்தான் தேவிபாரதிக்கு 'நீர்வழிப் படூஉம்' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி அறிவித்தார்கள். குடிநாவிதர் குடும்பத்துக் கதை. காரு மாமாவின் சாவுக்குச் சொந்தபந்தம் கூடுகிறதே, அங்கே பேச்சு வழக்கு கண்ணிலேயே படாது. ஆட்கள்தான் படுவார்கள்.

உன் பெரியப்பா பரிசுத்தொகையைக் கேட்டார். அகாதெமிக்கு 1 லட்சம் என்றேன். "அதுல ஒரு போர்வெல்கூடப் போட முடியாதே" என்றார். 2023-ல் ஜேசிபி பரிசாக 25 லட்சம் கொடுத்தார்கள் என்றதும், உன்னை அதற்கு எழுதச் சொல்லச் சொன்னார். மொழிபெயர்த்தவருக்குத் தனியாக 10 லட்சம் கொடுத்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே உன் தம்பியை இங்கிலீஷ் டியூசனில் சேர்த்துவிடுவார்.

அப்புறம், சிற்றிதழில் ஒருவர் நாலே வரியில் எழுதினாரே, கடைசிக் கதையின் மாமியார் எழுத்தாளர் மாதிரியே பேசுகிறார் என்று. நீ போனில் அவரைத் திட்டினாய். எனக்கு அவர் சொன்னது சரியாகப் பட்டது. உன் அம்மாயியிடம் அந்த இடத்தைப் படித்தேன். "இப்படி ஆரு கண்ணு பேசுவா? அவளுக்கு அத்தன கோவம் இருந்தா சோத்தப் போட்டுட்டுத் தட்டத்தத் தள்ளி வச்சிருப்பா" என்றார்.

இரண்டாம் பதிப்பு வருகிறது என்றாய். அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு கதையை மட்டும் எடுத்து வா. பொங்கலுக்கு நாலு நாள் இருப்பாய் அல்லவா, அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து திருத்து.

அப்பா