ஞாயிறு மாலை 5 மணி: மரைனர்ஸ் இறுதிப் போட்டி

நண்பர்களே, இந்த வாரம் சேர்ந்து பார்க்கப்போவது 2024 மே 25 அன்று ஆஸ்திரேலியாவின் காஸ்ஃபோர்டில் நடந்த ஏ-லீக் கால்பந்து இறுதி ஆட்டம். சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ், எதிரே மெல்போர்ன் விக்டரி.

சீசனின் முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்ற அணி மரைனர்ஸ். நான் அப்போதே கைகழுவிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் லீக்கில் முதலிடம், மஸ்கட்டில் ஏஎஃப்சி கோப்பை (ஆசிய கிளப் அணிகளுக்கான போட்டி), கடைசியில் இதுவும்!

90 நிமிடம் முடிந்தும் 0-1. 91-வது நிமிடத்தில் மரைனர்ஸின் எட்மண்ட்சன் சமன் செய்வார். கூடுதல் நேரத்தில் 3-1. முடிவைச் சொல்லிவிட்டேன் என்று திட்டாதீர்கள், அந்த 91-வது நிமிடத்துக்காகவே பார்க்கலாம்.

மைதானத்து மூலையில் நிற்கும் ராட்சத சாஸ் பாட்டில்களையும் கவனியுங்கள்.

இணைப்பு அன்று 4:45-க்கு வரும். வருபவர்கள் கைதூக்குங்கள்.