மாஸ்க் நின்றுபோனால் உடனே அழித்து நிறுவ வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போட்டோஷாப்பில் லேயர் மாஸ்க் (ஒரு லேயரில், அதாவது பட அடுக்கில், வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைத்து வைக்கும் வசதி) திடீரென்று வேலை செய்யவில்லை என்று கேட்ட வாசகருக்கு, மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுங்கள், ரேம் கூட்டுங்கள் என்று உங்கள் கணினிப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். அந்த யோசனையை எடுத்த எடுப்பில் யாரும் கையில் எடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் லேயர் பேனலைப் பாருங்கள். மாஸ்க் போட்ட லேயரில் இரண்டு குட்டிப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எதைச் சுற்றிக் கட்டம் தெரிகிறதோ அதில்தான் பிரஷ் ஓடும். கட்டம் போட்டோவின் மேல் இருந்தால், பின்னணியை மறைக்க நினைத்துத் தேய்த்த கறுப்பு நிறம், மணப்பெண்ணின் கொண்டைப் பூ மேலேயே அப்பிக்கொள்ளும். சிவப்பு நிறத்தை எடுத்தாலும் நிறப் பெட்டியில் சாம்பல் நிறமே வருகிறதா, அப்படியானால் மாஸ்க்கில்தான் நிற்கிறீர்கள். மாஸ்க் மேல் சிவப்புப் பெருக்கல் குறி கிடந்தால் அது அணைந்திருக்கிறது, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே கிளிக் செய்தால் திரும்ப வந்துவிடும்.

நிறைய பேரைப் படுத்துவது செலக்ஷன், அதாவது படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து வைப்பது. எங்கோ ஒரு மூலையில் சின்னதாக ஒரு செலக்ஷன் நின்றுவிட்டால் அதற்கு வெளியே பிரஷ் ஒரு புள்ளிகூட வைக்காது, அதிலும் ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் அதிகம் கொடுத்து எந்தப் பகுதியும் 50 சதவீதத்துக்கு மேல் தேர்வாகாமல் போயிருந்தால் செலக்ஷனைச் சுற்றி ஓடும் கோடுகள் கண்ணுக்கே தெரியாது. கன்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் போதும், செலக்ஷன் விலகிவிடும். அப்புறம் பிரஷ்ஷின் ஒப்பாசிட்டி, அதாவது நிறம் எவ்வளவு அழுத்தமாக விழும் என்ற அளவு. பிரஷ் கையில் இருக்கும்போது தெரியாமல் 1 என்ற எண் பட்டாலே அது 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும், தேய்த்தது தெரியாது, மாஸ்க் செத்துவிட்டது என்று தோன்றும். பிரஷ்ஷின் மோடு நார்மலில் இருக்கிறதா, லேயரில் பூட்டு விழுந்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஜிஃப் கோப்பைத் திறந்திருந்தால் அது குறைந்த நிறங்களே கொண்ட இண்டெக்ஸ்டு கலர் மோடில் இருக்கும், அதில் புது லேயரே போட முடியாது, வழக்கமான ஆர்ஜிபி கலர் மோடுக்கு மாற்றியாக வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் திரையில் மாற்றம் தெரியவில்லையா, பிரிஃபரன்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் பிராசஸர் டிக்கை எடுத்துவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள். அதுவும் கேட்காவிட்டால்தான் அழித்து நிறுவுகிற பேச்சு.

சின்ன ஊர் ஸ்டுடியோக்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. முகூர்த்த மாதத்தில் மாஸ்க் நின்றதும் பயந்துபோய் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அங்கே யோசிக்காமல் ஃபார்மேட் அடித்துவிட்டால் பேக்கப் எடுக்காத ஆல்பம் கோப்புகள் மொத்தமும் போய்விடும், பழி அந்தப் பிள்ளை மேல் விழும். அதனால் கேட்கிறேன், அடுத்த முறை இந்தக் கேள்வி வந்தால் லேயர் பேனலின் படத்தைப் பெரிதாகப் போட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று அம்புக்குறி வைத்து விளக்குங்கள்.

ஓர் ஆல்பம் டிசைனர்,
மதுரை.