லக்சம்பர்க்குக்கும் சொந்தச் சமையல் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சுற்றுலா இணைப்பில் ஐரோப்பியப் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாரிசிலிருந்து ஜெர்மனி போகிற வழியில் லக்சம்பர்க்கில் அரை நாள் இறங்கினால் போதும், அங்கே தனியாகச் சாப்பாடு என்று எதுவும் கிடையாது, பாதி பிரெஞ்சு பாதி ஜெர்மன், ஏதாவது பீட்சா வாங்கிச் சாப்பிட்டுக் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று அதில் எழுதியிருந்தது. பல வருடமாக இந்த நாட்டில் குடியிருக்கிறவள் நான். அந்த வரி எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. அதை நம்பி வருகிறவர்கள் நல்ல சாப்பாட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

லக்சம்பர்க் என்றதும் வங்கியும் பணமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இது பிழைக்க வழியில்லாமல் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஏழை விவசாய நாடு. தெற்கே இரும்புத் தாதுச் சுரங்கமும் எஃகு ஆலையும் வளர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. இங்கத்திய சமையல் அந்தப் பழைய விவசாயி வீட்டில் பிறந்தது. உருளைக்கிழங்கு, அவரை, மாவு, புகைபோட்ட பன்றி இறைச்சி, ஆற்று மீன், கொல்லையில் காய்க்கிற பிளம், ஆப்பிள், இவ்வளவுதான் சரக்கு. இதை வைத்து அவர்கள் செய்திருப்பதை அக்கம்பக்கத்து நாட்டுச் சாப்பாட்டின் நகல் என்று சொல்வது நியாயமே இல்லை.

தேசிய உணவு என்று எல்லோரும் சொல்வது யுட் மாட் கார்டபௌனன். பன்றியின் கழுத்துப் பக்கத்து இறைச்சியை உப்பில் ஊறப்போட்டுப் புகைபோட்டு வைத்திருப்பார்கள், சமைப்பதற்கு முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் போட்டு உப்பை இறக்கி, மறுநாள் காய்கறியோடு நிதானமாக வேகவைத்துத் தடிமனான துண்டுகளாக வெட்டி, கெட்டிக் குழம்பில் கிடக்கிற பெரிய அவரை விதைகளின் மேல் வைத்துத் தருவார்கள், பக்கத்தில் உருளைக்கிழங்கு. அந்த அவரையில் சேவரி என்கிற மூலிகை சேர்ப்பார்கள், அது இல்லாவிட்டால் ருசியே இல்லை. ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும், பசியோடு போங்கள்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களும், முட்டை சாப்பிடுகிற சைவக்காரர்களும் இதைப் படித்துவிட்டு நமக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். குரொம்பெரகிஷெல்ஷர் இருக்கிறது. உருளைக்கிழங்கைத் துருவி, தண்ணீரை நன்றாகப் பிழிந்து, வெங்காயம், பார்ஸ்லி, முட்டை, கொஞ்சம் மாவு சேர்த்துத் தட்டையாக எண்ணெயில் போட்டு எடுக்கிற பலகாரம். ஓரமெல்லாம் சிவந்து மொறுமொறுவென்று இருக்கும், நடுவில் மெத்தென்று இருக்கும், கையில் பிடித்திருக்கிற காகிதம் எண்ணெயில் ஊறிக்கொண்டே வரும். தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். உப்பும் இனிப்பும் சேருமா என்று யோசிக்காதீர்கள், ஒரு தரம் தொட்டுச் சாப்பிட்டால் அப்புறம் அது இல்லாமல் சாப்பிட மனசு வராது. இதை ஓட்டலில் தேடுவதைவிடச் சந்தைக் கடையில் நின்றுகொண்டே சுடச்சுடச் சாப்பிடுங்கள். கிறிஸ்துமஸ் சந்தைகளில் கிடைக்கும். அதைவிட முக்கியமாக, ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தலைநகரின் கிளாசி மைதானத்தில் நடக்கிற ஷூபர்ஃபோவர் திருவிழாவில் கிடைக்கும். 1340இல் குருட்டு மன்னர் யோவான் தொடங்கிவைத்த சந்தை அது, இன்னும் நடக்கிறது. அங்கே முழு மீனை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிற கடைகளும் உண்டு.

காஹ்கேய்ஸ் என்று ஒரு பாலாடைக்கட்டி. உருக்கிக் காய்ச்சியது, பிசின் மாதிரி இழுபடும். வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் இதைப் பூசி, அதற்கும் மேலே கடுகு விழுது வைத்துச் சாப்பிடுவார்கள். மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம். மாவு உருண்டைகளை வேகவைத்துச் செய்கிற க்னிடலனும் வயிறு நிறைகிற சாப்பாடுதான். அதன் மேல் பன்றிக் கொழுப்புத் துண்டுகளை வறுத்துத் தூவுவது வழக்கம், வேண்டாம் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பீன்ஸ் சூப்பான பௌனஷ்லுப்பிலும் அப்படித்தான், பெயரைப் பார்த்து சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டல்களில் பரிமாறுகிறவர்களில் நிறையப் பேர் பிரான்ஸிலிருந்து எல்லை தாண்டித் தினமும் வேலைக்கு வந்துபோகிறவர்கள், பிரெஞ்சில் நாலு வார்த்தை தெரிந்திருந்தால் காரியம் சுலபம்.

ஆனால் எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் மொசெல் ஆற்றுக்கரைக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஜெர்மனியோடு எல்லையாக ஓடுகிற ஆறு. 42 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையெல்லாம் திராட்சைத் தோட்டம், ஷெங்கன், ரெமிஷ், ஏனன், வொர்மெல்டாஞ்ச், கிரேவன்மாஹர் என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்கள். (நம் ஆட்கள் விசாவில் பெயரைப் பார்க்கிற அதே ஷெங்கன்தான், 1985 ஜூன் 14 அன்று ஆற்றில் நின்ற கப்பலில்தான் நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையை விலக்குகிற ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தானது.) இந்த ஊர்களில் ஃப்ரிட்யூர் என்று கேளுங்கள். விரல் நீளப் பொடிமீன்களை முழுசாக மாவில் புரட்டிப் பொரித்து, தட்டு நிறையக் குவித்து, எலுமிச்சைத் துண்டோடு கொண்டுவந்து வைப்பார்கள். முள்ளைப் பற்றிக் கவலைப்படாமல் கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம், உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். ரீஸ்லிங் வைன் சாஸில் செய்த ட்ரௌட் மீனும் நல்ல சாப்பாடு, ஆனால் என் ஓட்டு பொடிமீனுக்குத்தான்.

மது அருந்துகிறவர்களுக்கு இந்தக் கரையில் பெரிய விருந்தே இருக்கிறது. வெள்ளைத் திராட்சை நாடு இது. ரிவானர், எல்ப்லிங், ஓசெருவா, பினோ, ரீஸ்லிங் எல்லாம் உண்டு. எல்ப்லிங் புளிப்பான எளிய வைன், பொடிமீனோடு சேர்த்துக் குடிக்க அதைவிடப் பொருத்தமானது இல்லை. கிரெமோன் என்கிற நுரைவைனைக் கட்டாயம் ருசிபாருங்கள். ஷாம்பெயினைப் போலவே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்கவிட்டு, குறைந்தது 9 மாதம் வைத்திருந்து எடுப்பது. 1991 முதல் லக்சம்பர்க் கிரெமோன் என்ற பெயர் முறைப்படி வழங்கப்படுகிறது. பீர் என்றால் டீகிர்ஷ், போஃபர்டிங் இரண்டும் எங்கேயும் கிடைக்கும். கோட்டை பார்க்கப் போஃபோர் ஊருக்குப் போகிறவர்கள் அங்கே தயாரிக்கிற காசெரோ என்கிற, பிளாக்கரண்ட் என்ற கருநிறச் சிறுபழத்தில் செய்த இனிப்பு மதுவையும் கேட்டுப் பாருங்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்ட வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க ரயில், டிராம், பஸ் எல்லாம் இலவசம், ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் டிக்கெட். தலைநகரிலிருந்து வாஸர்பில்லிக் வரை ரயிலில் போய் அங்கிருந்து ஆற்றோரமாக வரலாம், இல்லையென்றால் நேரே பஸ்ஸில் ரெமிஷ் போகலாம். உங்கள் கட்டுரையில் இந்தத் தகவலாவது வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, எந்த மாதம் வருகிறோம் என்பதைப் பொறுத்துச் சாப்பாடு மாறும். செப்டம்பரில் க்வெட்ஷன் என்கிற நீலநிறப் பிளம் பழத்தை அடுக்கிச் செய்த டார்ட் எல்லா பேக்கரியிலும் இருக்கும், மற்ற மாதங்களில் அதே ருசி வராது. அக்டோபரில் வியாண்டனில் வால்நட் சந்தை. டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் நாளையொட்டிப் பொக்ஸமென்ஷன் என்று மனித உருவில் இனிப்பு ரொட்டி சுடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்கள் தாங்கள் விரும்புகிற பெண்ணுக்கு பிரெட்ஸல் கொடுப்பார்கள், அவளுக்கும் விருப்பமென்றால் ஈஸ்டரன்று முட்டை கொடுப்பாள். லீப் வருடத்தில் இது தலைகீழ், பெண்தான் பிரெட்ஸல் கொடுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

சமையலில் இந்த நாடு யாருக்கும் சளைத்ததில்லை. பிரான்ஸின் லியோன் நகரில் நடக்கிற போகூஸ் தோர் என்கிற சர்வதேசச் சமையல் போட்டியில் முதல்முதலாக வென்ற பெண் இந்த நாட்டுக்காரரான லியா லின்ஸ்டர், 1989இல். இங்கே குடியேறிய போர்ச்சுகீசியரும் இத்தாலியரும் கொண்டுவந்த சமையலும் இன்றைக்கு இந்த ஊர்ச் சாப்பாட்டோடு கலந்துவிட்டது, அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அடுத்த முறை ஐரோப்பா பற்றி வெளியிடும்போது லக்சம்பர்க்குக்குக் குறைந்தது அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கூடவே இதையும் போடுங்கள்: மதியம் 12 மணிக்குத் திறக்கிற சமையலறையை நிறைய ஓட்டல்களில் 2 மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள், மறுபடி மாலைதான் அடுப்பு மூட்டுவார்கள். வேலை நாட்களில் மதியம் அன்றைய சாப்பாடு என்று எழுதிப்போட்டிருப்பதைக் கேட்டு வாங்கினால் செலவும் குறைவு, வீட்டுச் சாப்பாடு மாதிரியும் இருக்கும்.

இப்படிக்கு,
லக்சம்பர்க்கிலிருந்து உங்கள் வாசகி