கொதிப்பு என்ற பெயரும் விட்டுப்போகும் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர் ரத்த அழுத்தம் பற்றிய நாளிதழ்க் கட்டுரைகளில் உப்பு, உடற்பயிற்சி, மாத்திரை ஆகியவை பேசப்படும் அளவுக்கு, அந்த நோயைப் பற்றி நோயாளி தம் மனத்தில் என்ன எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது பேசப்படுவதில்லை. பல ஆண்டுகளாக நோயாளிகளுக்கு அழுத்தம் அளந்து எழுதிவரும் செவிலியர் என்ற முறையில், சிகிச்சை தடம் புரள்வது பெரும்பாலும் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

நாம் வழங்கும் பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. 'ரத்தக் கொதிப்பு' என்றதும் அதைக் கோபக்காரர்களின் நோய் என்று எடுத்துக்கொண்டு, "எனக்குக் கோபமே வராதே, கொதிப்பு எப்படி வந்தது?" என்று உண்மையான வியப்போடு கேட்பவர்கள் உண்டு. 'ரத்த அழுத்தம்' என்று திருத்திச் சொன்னால், அதை மன அழுத்தத்தோடு சேர்த்துக்கொண்டு, கவலை தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

அண்மையில் ஒரு பெரியவர் தம் மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார். பத்தில் மூன்று குழிகள்தான் காலியாக இருந்தன. "தலை சுற்றினாலோ பிடரி வலித்தாலோ போட்டுக்கொள்வேன் சிஸ்டர், மற்ற நாளெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றார். அன்று கருவி காட்டியது 178/104. தலை சுற்றல் மட்டும் இல்லை.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1985-இல் மேயர், லெவந்தால், கட்மன் ஆகியோர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரியவந்தது: அழுத்தம் ஏறுவதைப் பொதுவாக யாராலும் உணர முடியாது என்று ஒப்புக்கொண்ட நோயாளிகளில் பெரும்பாலானோர், தம்மால் மட்டும் உணர முடியும் என்று நம்பினார்கள். மாத்திரையால் தம் அறிகுறிகள் குறைவதாக நினைத்தவர்களே அதை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். அறிகுறியே காட்டாத நோய்க்கு இது ஆபத்தான அளவுகோல்.

'நாள்பட மாத்திரை சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும்' என்ற அச்சம் இன்னொன்று. கட்டுக்குள் வராத அழுத்தம்தான் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது என்பதை, அதிகம் அஞ்சுபவரிடமே யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. (நாங்களும் வரிசையைப் பார்த்து அவசரப்படுகிறோம் என்பதை மறைப்பதற்கில்லை.)

"மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போனது? உங்களுக்கு இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று மருத்துவர்களும் செவிலியர்களும் கேட்கத் தொடங்க வேண்டும். அந்தப் பெரியவரிடமும் அட்டையைக் காட்டச் சொன்ன பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. அதற்கு முந்தைய மூன்று வருகைகளிலும் அவர் பதிவேட்டில் 'மருந்து தொடர்கிறது' என்று எழுதியிருந்தது நான்தான்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்